மொட்டை மாடி வெயிலும் என் கைராசியும்

வாஷிங் மெஷின் ஓடும்வரை மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை; நின்றுவிட்டால் திட்டாதவர் இல்லை. என்னைப்போல ஸ்க்ரூ டிரைவரோடு அலைகிறவர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வெந்நீர் வந்தது

ராயபுரத்தில் செல்வி வீடு. துவைத்துக் காயவும் வைக்கிற மெஷின். தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறி. துணியை வெந்நீரில்தான் துவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம், குண்டான் குண்டானாகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

மே மாத மத்தியானம். பின்பக்கத்தைக் கழற்றி, ஹீட்டர் ஒயரை ஆட்டிச் செருகி, ஓட விட்டேன். கண்ணாடிக் கதவு சுட்டது. "என் கைராசி அப்படிம்மா" என்று மார்தட்டிவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலையில் போன்: "அண்ணே, தண்ணி ஜில்லுனு கீது. நேத்து சூடு பண்ணது மொட்டமாடி டேங்க்கு மேல அடிச்ச வெயிலு. நீ இன்னா பண்ணே?"

புது ஹீட்டர்

மானம் போயிற்று. ஓடிப்போய் ஹீட்டரை உருவினேன். உப்புத் தண்ணீர் படிந்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. இதுதான் வியாதி என்று புதிது போட்டேன். இந்த முறை உஷாராகப் பொழுது சாயும்வரை காத்திருந்து ஓட்டினேன். சூடு ஏறவே இல்லை. செல்வி எழுந்துபோய் அடுப்பில் குண்டானை ஏற்றினாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. லாஞ்சுப் படகில் மீன்பிடிக்கப் போகிற அவள் புருஷன் தாஸ் என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "மாமு, புள்ள சொறி தானா ஆறிடும் போல கீது. உன் ரிப்பேருதான் ஆறாது."

ஐஸ் வைத்தியம்

மறுநாள்தான் கண்ணில் பட்டது. கடல் காற்றில் துருப்பிடித்து, கரண்ட் பாயாத பழைய ஒயர் கிளிப்பையே புது ஹீட்டரிலும் மாட்டித் தொலைத்திருக்கிறேன். மாற்றினேன். ஆனால் மறுபடியும் மத்தியானம், டேங்க் தண்ணீர் கொதிக்கிறது. வெயிலை இனி நம்புவதாக இல்லை. தாஸிடம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொல்லி, டிரம்முக்குள் கொட்டி ஓட விட்டேன்.

ஜில்லென்றிருந்த கண்ணாடி வெதுவெதுத்து, பிறகு சுட்டது. செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தச் சந்தோஷத்தில், வந்தது மீன் பெட்டி ஐஸ் என்பதே எனக்கு உறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போன்: "சொறி அடங்கிப்போச்சுண்ணே, நீ நல்லா இருப்பே. ஆனா மெஷின போட்டா தெருப் பூன எல்லாம் வாசல்ல வந்து குந்திகினு கீதுங்க."

அந்தத் தெருவில் என் கைராசியை முழுசாக நம்புவது இன்றைக்கும் அந்தப் பூனைகள் மட்டும்தான்.