கல்லில் ஒரு சிவப்புப் பெயர்

கல்யாணமாகி ஷியோரி பூசானுக்குக் கப்பலேறிய சனிக்கிழமை, ஜப்பான் கரையின் ஹிதகட்சு துறையில் நல்ல காற்று. அவள் அம்மா தோமியே, சாப்பாட்டுக் கடையிலிருந்து ஏப்ரனோடு ஓடிவந்து கையசைத்தாள். பக்கத்தில் மீன்காரர் ஹராதா.

"அழாத தோமியே. அதோ தெரியுது பாரு கொரியா. கூப்பிடு தூரம்."

"தூரத்துக்கா அழறேன்? சம்பந்தியம்மாகிட்ட எந்த பாஷையில பேசுவேன்? எம்பொண்ணு எப்படி இருக்கான்னு யாரைக் கேப்பேன்?"

"உனக்கா பேச்சு வராது? ஊரே காதைப் பொத்திக்கிட்டு அலையுது."

ஆகஸ்டில் சம்பந்தியம்மா மால்சுன் வந்திறங்கினாள். ஒருத்தி மொழி மற்றவளுக்குத் தெரியாது. ஆனால் மால்சுன் அந்தக் காலத்துப் பள்ளியில் சீன எழுத்து படித்தவள். தோமியேவுக்கோ அது அன்றாட எழுத்து. ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியே பேசினார்கள். 'மகள்', 'நலம்', 'சமையல்', 'மோசம்' என்று மால்சுன் வரிசையாக எழுதினாள். தோமியே விழுந்து விழுந்து சிரித்தாள். மால்சுன் தன் பையைத் தட்டி "கபாங்" என்றாள். இவள் "கபான்" என்றாள். வாக்குறுதிக்கு அங்கே 'யாக்சோக்', இங்கே 'யாகுசோகு'. மத்தியானத்துக்குள் இரண்டும் ஒரே மொழி என்றே தோமியேவுக்குத் தோன்றிவிட்டது.

அந்தத் தைரியத்தில், புது உறவைப் புருஷனுக்கு அறிமுகப்படுத்தக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். கல்லில் அவர் பெயர் கறுப்பு; பக்கத்தில் தோமியேவின் பெயர் சிவப்பு. உயிரோடிருக்கும் மனைவியின் பெயரையும் சேர்த்துச் செதுக்கிச் சிவப்புப் பூசிவைப்பது வழக்கம். அவள் போன பிறகு சிவப்பை எடுத்துவிடுவார்கள்.

படித்ததும் மால்சுனின் முகம் வெளிறியது. அவள் ஊரில் உயிருள்ளவர் பெயரைச் சிவப்பில் எழுதினால் சாவை அழைப்பதாக அர்த்தம். கைக்குட்டையை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். தோமியே அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஈர விரலால் கல்லில் 'உயிர்' என்று எழுதி, தன் நெஞ்சைத் தட்டிச் சிரித்தாள். சிரித்ததுதான் வினையாயிற்று. மறுநாள் முதல் கப்பலில் மால்சுன் கிளம்பிவிட்டாள்.

"துக்கிரிக் குடும்பம்னு நினைச்சிருப்பாங்க. எல்லாம் எம்பொண்ணு தலையில விடியும்," என்றாள் தோமியே.

"ஷியோரி எடுத்துச் சொல்லலியா?" என்றார் ஹராதா.

"சொன்னாளாம். சம்பந்தியம்மா கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்களாம்."

இலையுதிர் காலம் போய், குளிரும் போனது. ஏப்ரலில் ஒரு மத்தியானம் தோமியேவின் போனுக்குச் செய்தி வந்தது. முழுக்கச் சீன எழுத்து, அனுப்பியவள் மால்சுன்.

"உன் சிவப்பு நூறாண்டு அழியாதிருக்கட்டும். பேத்தி பிறந்திருக்கிறாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. நாம் இருவரும் படிக்கக்கூடிய எழுத்தில் நீயே ஒரு பெயர் எழுதி அனுப்பு."