டிக்கிக்குள் எரிந்த விளக்கு

தொண்ணூறுகளில் என் மனைவி கார் ஓட்டக் கற்று, கோவையிலிருந்து தொண்டாமுத்தூருக்குத் தன் அம்மாவைப் பார்க்கத் தனியாகப் போய்வந்தாள். ஒரு காலை கார் கிளம்பவில்லை; பேட்டரி இறங்கியிருந்தது.

"லைட்டை அணைக்காம வந்திருப்பே."

"அணைச்சுப்போட்டுத்தானுங்க வந்தேன்."

"அப்புறம் பேட்டரி தானா எறங்குச்சா? சாவியைக் குடு அம்மணி."

நான் மின்பொறியியல் படித்தவன் என்பதால் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

நான் ஓட்டியபோதும் பேட்டரி இறங்கியது. ஒரு மாலை தேங்காய் மூட்டையை இறக்க டிக்கியைத் திறந்தேன். உள்விளக்கு கையைச் சுட்டது. சுவிட்ச் பழுதானதால், மூடிய பிறகும் அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

சுவிட்சை மாற்றினேன். கோளாறு என்னவென்று சொல்லாமல் சாவியை மட்டும் நீட்டினேன்.

"எதுக்குங்க? பஸ்ஸுதான் இருக்குதுங்களே" என்றாள்.

அதன்பின் அவள் கார் ஓட்டவில்லை. நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.