தேவகி வெளுத்த சால்வை

மஸ்ஜித் தானா ஊரிலிருந்து தேவகியின் மகள் போன் செய்தபோது நான் மலாக்கா தெங்கேராவில் கடைக் கதவை அப்போதுதான் திறந்திருந்தேன். "அங்கிள், அம்மா போய்ட்டாங்க" என்றாள். அடக் கடவுளே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள்தான் நானும் தேவகியும் ஒரு கம்பளிக் கோட்டுக்காகச் சண்டை போட்டிருந்தோம்.

எங்கள் டோபிக் கடைக்குத் துணி கொடுத்த உங்கள் எல்லோருக்கும் தேவகியைத் தெரியும். பல வருடம் என்னோடு வேலை பார்த்தவர். என் வயதுதான், என்னைவிட வாய் அதிகம்.

ஒருமுறை, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் பழுப்பேறிய வெள்ளைக் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்தார். மறைந்த கணவர் வாங்கிக் கொடுத்தது. மகளின் பட்டமளிப்புக்கு லண்டன் போகும்போது அதைப் போர்த்திக்கொள்ள ஆசைப்பட்டார். பெரிய மேதாவி நான், வேட்டிக்கு ஊற்றுவதுபோலக் குளோரினை ஊற்றினேன். ஒரு மூலை மஞ்சளாகிக் கொழகொழத்துப் போனது. பதற்றத்தில், எஸ்டேட்டில் ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் கொஞ்சம் கடையில் கிடந்ததே, அதைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று மூடியைத் திறந்தேன். தேவகி பாய்ந்து வந்து போத்தலைப் பிடுங்கினார்.

"சாகணுமா அண்ணே? ரெண்டும் சேந்தா விஷக் கேஸ்லா! கம்பளிங்கிறது ரோமம். உங்க தலையில குளோரின் ஊத்திக்குவீங்களா?"

ஜன்னல்களைத் திறந்தார். சால்வையைக் குளோரின் வாடை போகும்வரை அலசினார். கெமிக்கல் கடைக்காரரை நச்சரித்துக் கற்றுக்கொண்ட முறை அவரிடம் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை அளந்து கலந்தார். முதலில் ஓரத்து நூல் ஒன்றை நனைத்துப் பார்த்தார். பிறகுதான் சால்வை. மாலைக்குள் பழுப்பு போயிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்துவோமா?" என்றேன்.

"ஆட்டுக்கே இதுக்கு மேல வெள்ளை இல்லலா!"

கெட்டுப்போன மூலை மட்டும் அப்படியே இருந்தது. பழசு, தானாக இற்றுப்போனது என்று சொல்லிவிடலாம் என்றேன். தேவகி முறைத்தார். "சால்வைக்கு வாயில்ல. உங்களுக்கு இருக்குல்ல, உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். டீச்சரம்மா அழுதார். அப்புறம் அந்த மூலையை உள்ளே மடித்துப் போர்த்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "அவரு வாங்குனப்ப இந்த நெறம்தான்" என்றார்.

அதன்பின் கம்பளி என்றாலே மலாக்காவில் என்னைத் தேடி வந்தீர்கள். "உங்க கைராசி அண்ணே" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். தேவகி இஸ்திரி மேசையிலிருந்து ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். தப்பை ஒப்புக்கொள்ளும் வாயை எனக்குக் கொடுத்தவர் அவர். என்னிடம் மிஞ்சியிருப்பதும் அதுதான். அந்த வாயால் இன்று சொல்கிறேன்: நீங்கள் மெச்சிய கம்பளியில் ஒன்றைக்கூட நான் வெளுக்கவில்லை. எல்லாம் தேவகி.