கழித்தல் பிடிபடாத கலவைக்காரர்

உதவத் தெரியாத ஒருவர் உதவுவதற்காகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அது அன்பா, இடைஞ்சலா? கலவைக்காரரின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. அவருக்கும் வந்திருக்கலாம். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை.

பெயிண்டுக் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. உடைந்த ஓடு, திரைச்சீலைத் துண்டு, பழைய சுவரிலிருந்து பெயர்த்த சுண்ணாம்புச் சில்லு என்று எதையாவது கொண்டுவந்து, "இதே நிறம் வேணும்" என்பார்கள். பின்னறை மேசையில் வெள்ளை டின்னைத் திறந்து சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுவார். ஓர் அட்டையில் தடவி விசிறிக்கு முன்னால் பிடித்துக் காயவிடுவார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். பெரிய கைதேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது, அவ்வப்போது தவறும். தவறிய டின்களைக் கடை முதலாளி ஒரு மூலையில் அடுக்கி வைத்து மலிவாகத் தள்ளிவிடுவார்.

அந்த வேலையில் மாறாத விதி ஒன்றுதான்: போட்டதை எடுக்க முடியாது. சிவப்பு கூடிவிட்டால் சிவப்பை வெளியே எடுக்க வழியில்லை. ஒரு சொட்டு பச்சை விட்டு அதை அடக்க வேண்டும். எந்தப் பிழைக்கும் அங்கே மருந்து மேலும் சேர்ப்பதுதான்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. கட்டடம் வரைகிற படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கணக்குப் பிரிவில் நீடிக்க வேண்டும். அந்தப் பள்ளியில் ஒன்பதிலேயே பிரிவு பிரித்துவிடுவார்கள்; அடுத்த பரீட்சையில் தேறாதவர்களைக் கணக்கு இல்லாத பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பரீட்சையில் வரப்போவது ஒரே நேரத்தில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் பாடம்.

"என் தம்பிகிட்ட அனுப்புங்க. அவன் மீட்டர் ரிப்பேர் பண்றவன், கணக்கெல்லாம் வரும்" என்றாள் மனைவி.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இருக்கீங்க. அதான் பயமா இருக்கு."

அவர் மகளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. முதல் கணக்கில் மேலே 3x + 2y = 13, கீழே 5x − 2y = 11. வெகுநேரம் உற்றுப் பார்த்தவர் திடீரென்று விரலை வைத்தார்.

"இங்க பாரு. மேல ரெண்டு ஒய் சிவப்பு. கீழ மைனஸ் ரெண்டு ஒய் பச்சை. ரெண்டையும் ஒண்ணா ஊத்து. ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும்."

மகள் கூட்டினாள். ஒய் காணாமல் போயிற்று. எக்ஸ் மூன்று, ஒய் இரண்டு. பின்பக்கத்து விடையோடு ஒத்துப்போயிற்று.

"அப்பா, சூப்பர்ப்பா."

"கூட்டிப் போடு, தானா அடங்கும். எப்பவும் கூட்டணும். அவ்வளவுதான் விஷயம்."

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்திருக்கிறது என்று அவருக்கு அன்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் கணக்குகள் எல்லாமே அப்படிப்பட்டவை. பரீட்சையில் வந்தவை வேறு: மேலே 5x + 2y = 24, கீழே 5x + y = 22. மகள் கூட்டினாள். எக்ஸ் போகவில்லை, ஒய்யும் போகவில்லை. அடங்காத நிறத்துக்கு இன்னொரு சொட்டு விடுவது போல, முதல் வரியை மறுபடியும் சேர்த்துக் கூட்டினாள். எண்கள் பெருத்துக்கொண்டே போயின. எல்லாக் கணக்கையும் அப்படியே செய்திருந்தாள்.

கணக்கு டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். ஒரு சிறிய அறை, மூன்று நாற்காலிகள். டீச்சர் விடைத்தாளை மேசையில் விரித்தார்.

"ஒண்ணு ரெண்டு கணக்குல தப்புப் பண்ணியிருந்தா கவனக்குறைவுன்னு விட்டுடுவேன். இது யாரோ உக்காந்து சொல்லிக்குடுத்த தப்பு மாதிரி இருக்கு. வீட்டுல யாராவது சொல்லித் தர்றாங்களா?"

கலவைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மகள், "இல்ல டீச்சர். நானாத்தான் பண்ணினேன்" என்றாள். அப்பா பக்கம் திரும்பவில்லை. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். மறுபரீட்சைக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் பிரிவு மாறவேண்டியதுதான் என்றார் டீச்சர். கலவைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அன்று சாயங்காலமே மைத்துனன் வந்தான். விடைத்தாளைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பேப்பர் பூரா சிவப்பு? உங்க கடைச் சரக்கா?"

"எகத்தாளம் போதும் மாப்ளே. சொல்லிக்குடு."

மேல் வரியிலிருந்து கீழ் வரியைக் கழிக்க வேண்டும் என்று மைத்துனன் விளக்கினான். கலவைக்காரர் எதிரில் உட்கார்ந்து, எழுத்துகள் தலைகீழாகத் தெரிய, பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழு வரியை இன்னொரு வரியிலிருந்து எப்படி எடுப்பது? கலந்த பிறகு எடுப்பதா? அவருக்கு அது பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சம்.

"கழிக்கிறது குழப்புதுன்னா, கீழ் வரியில எல்லா அடையாளத்தையும் மாத்திடு. ப்ளஸ் எல்லாம் மைனஸ். அப்புறம் கூட்டிக்கோ" என்றான் மைத்துனன்.

மகள் பென்சிலை நிறுத்தினாள். "மாமா, அப்போ முதல்ல பச்சையாக்கிட்டு, அப்புறம் ஊத்தணும். அவ்வளவுதானே?"

"என்ன பச்சை?"

"அது உங்களுக்குத் தெரியாது." அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது. "அப்பா, நீங்க சொன்னது சரிதான்ப்பா. பாதிதான் சொன்னீங்க."

எது சரி, எந்தப் பாதி என்று அவருக்கு விளங்கவில்லை. சிவப்புச் சாயத்தைப் பச்சைச் சாயமாக மாற்ற அவருக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை. ஆனாலும், "ஆமா ஆமா" என்றார். தான் சொன்னது சரியென்று இன்னொருவர் நிரூபிப்பதைப் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒருவகைத் தனிமைதான். தப்பென்று சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அதற்குக் கடையில் பழக்கம் உண்டு.

மறுபரீட்சையில் மகள் தேறினாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது, தேறினாள். கணக்குப் பிரிவிலேயே இருந்தாள். அடுத்த பாடம் தொடங்கிய அன்று புத்தகத்தை விரித்துவிட்டு, "அப்பா, பக்கத்துல வந்து உக்காருங்க. நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம், சும்மா உக்காருங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் போய் உட்கார்ந்தார். இரண்டு முறை புத்தகத்தில் வைக்க விரலை நீட்டி, மடக்கிக்கொண்டார். அவள் முடிக்கும்வரை இருந்தார்.

மறுநாள் கடையில், யாரும் விரும்பாத சாயங்கால வேலை முறையைத் தனக்குப் போடும்படி முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று மனைவி கேட்டாள். மைத்துனன் கேட்டான். மகள் கேட்கவில்லை. அவள் பள்ளி முடிக்கும்வரை, அவள் படிக்க உட்காரும் நேரத்தில் அவர் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை.