எஸ்தருக்கு நெய் ஊற்றியது தப்பு

ஆம்பூரில் ஒரு பெண் ஒல்லியாக இருந்தாலே நோயைப் பரப்புகிறவள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் தங்கை எஸ்தரை அப்படித்தான் ஷூ கம்பெனியின் தையல் பிரிவிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கன்னம் ஒட்டிப்போய், கை நரம்பெல்லாம் கயிறு கயிறாகத் தெரியும். காசநோய் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகும், "வேலூர்ல காட்டி லெட்டர் வாங்கினு வா" என்று அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். 2009 ஆகஸ்டில் நாங்கள் வேலூர் போனது அந்தக் கடிதத்துக்காக. ஏற்கெனவே இரண்டு முறை போய் ரத்தம் கொடுத்தாயிற்று.

காலை 5.40 பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். மாதனூர் தாண்டியதும் கண்டக்டர் எஸ்தரைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வூட்ல சோறே போட்றதில்லியா?"

"நான் துன்றதப் பாத்தா பஸ்ஸ வுட்டுட்டு ஓடிடுவண்ணா."

அவள் சொன்னது உண்மை. ஆறு மாதமாக அம்மா தினமும் ஆட்டுக்கால் பாயா வைத்தாள், சோற்றில் நெய்யை ஊற்றினாள். உடம்பு ஒரு சுற்றுகூட ஏறவில்லை.

ஏழரைக்கே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றும், டாக்டரம்மாவைப் பார்க்கப் பதினொன்றரை ஆனது. அவர் எஸ்தரின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். மேல் பாதி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இதெல்லாம் கொழுப்பு."

"இவ உடம்புலயா?" என்றேன்.

"கட்டடம் கட்டச் சாரம் கட்றாங்கல்ல? கொழுப்பு செல்லுக்குள்ளயும் மத்த புரதங்கள அந்தந்த எடத்துல பிடிச்சு நிறுத்த சாரம் மாதிரி ஒரு புரதம் இருக்கு. இவங்களுக்குப் பிறவியிலயே அது சரியா இல்லன்னு நெனைக்கிறேன். அதனால செல்லு முழுசா வளரல. சாப்பிட்ட கொழுப்புக்குத் தங்க எடமில்ல. ரத்தத்துலயும் கல்லீரல்லயும் போய் நிக்குது. நெய், பாயா எல்லாத்தையும் நிறுத்துங்க."

திரும்பும் பேருந்தில் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. தோலுக்கடியில் கொழுப்பே இல்லாதவளுக்கு ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி. பட்டினி கிடப்பவள் போல இருப்பவள் வாயைக் கட்ட வேண்டும். புரதம் இல்லையென்றால் ஊசியில் ஏற்றக்கூடாதா? அதை டாக்டரம்மாவிடமே கேட்டிருந்தேன். அப்படியொரு ஊசி இல்லையாம்.

"அம்மாகிட்ட நீ சொல்லு, நான் மாட்டேன்" என்றாள் எஸ்தர்.

மூன்று மணிக்குக் கம்பெனி வாசல். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பணியாளர் பிரிவு அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"நோய் பேர் பக்கத்துல கேள்விக்குறி இருக்கே?"

"இத உறுதியா சொல்ற ஜீன் டெஸ்ட் இங்க இல்ல சார். அதான். கீழ படிங்க, தொத்தாதுன்னு எழுதியிருக்காங்க."

"கேள்விக்குறி போன பிறகு வாங்க."

இப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் பேருந்தைப் பிடியுங்கள். பழைய சோதனைத் தாள்களையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். 'தொற்றாது' என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கவில்லை. எங்கள் கடிதத்தில் அது கடைசி வரி.

அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு நான்கு முறை போய்விட்டேன். காவலாளி இப்போது ஜன்னலையே திறப்பதில்லை. மூடிய ஜன்னலிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்: அவளுக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம், எனக்கே முழுதாகத் தெரியாது. அது தொற்றாது. அவளுடைய அட்டையைக் கொடுங்கள்.