மூன்றாம் ஓலை

தாத்தா பகலில் கரும்பு வெட்டுவார். மற்ற நேரமெல்லாம் கோயிலில் இருப்பார். இந்தத் தீவின் வடக்கே, ரிவியேர் டு ராம்பார் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டக் குடியிருப்பு. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில். பாதிரியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் தாத்தாதான் உபதேசியாராக நின்று ஜெபம் சொல்வார். சாகக் கிடப்பவர்களுக்கும் அவர்தான் போய் ஜெபம் சொல்ல வேண்டும். தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவரும் கத்தியைக் கீழே போட்டார். கோயில் மணியை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

என் அம்மாவும் அப்பாவும் மலேரியாவில் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அவரும்தான்.

பக்கத்து வீட்டு அத்தையின் அண்ணன் மகன் என்னைக் கேட்டு வந்தார். பட்டணத்தில், டிராங்கெபார் பேட்டையில் வீடு. துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிற வேலை. முருகன் கோயில் குடும்பம். எனக்காக ஞானஸ்நானம் வாங்கினார். ஜெபம் படிக்க ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். பாதியில் தடுக்கி நிற்பார்.

"மூட்டை தூக்குற ஆளுக்கு ஜெபம் கனமா இருக்குதோ?" என்பார் தாத்தா.

"மூட்டைக்கு முதுகு போதும் தாத்தா. இதுக்கு நாக்குல்ல வேணும்."

தாத்தா சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை முன்னால் கேட்பார்கள். பாதிரியார் இல்லாத ஞாயிறுகளில் அதை வாசிப்பதும் தாத்தாதான். தவக்காலம் தொடங்குமுன் கல்யாணம் என்று முடிவாயிற்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. நான் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். கரும்புத் தோகை கையைக் கிழிக்காத இடத்துக்குப் போகப் போகிறேன் என்று இருந்தது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அவர் வந்தார். தாத்தா காலில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார்.

"நாளைக்கு விரதம் எடுக்கிறேன் தாத்தா. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"என்ன விரதம்?"

"காவடி. தைப்பூசத்துக்கு."

தாத்தா நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஞானஸ்நானம் வாங்கின ஆள் நீ."

"வேண்டினது அதுக்கு முன்னாடி. அம்மா படுத்துக் கிடந்தாங்க. எழுந்துட்டாங்க. செலுத்தாம இருக்க முடியுமா?"

"அதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றே?"

"பெரியவங்களைக் கேக்காம விரதம் எடுக்கக் கூடாது. எனக்கு அப்பா இல்ல. நீங்கதான்."

"சொல்லாம எடுத்திருக்கலாமேப்பா."

"அது மரியாதை இல்ல தாத்தா."

தாத்தா கையை மடக்கிக்கொண்டார். "எழுந்திரு. விட்டுடு. நாளைக்கு மூணாவது ஓலை."

"முடியாது தாத்தா."

நான் தேநீர் கொடுத்தேன். குடித்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் தாத்தாவிடம் கேட்டேன்.

"நாளைக்கு வாசிப்பீங்களா?"

"வாசிப்பேன்."

அது போதும் என்று நினைத்தேன்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் ஓலையை எடுத்தார். என் பெயரையும் அவர் பெயரையும் தெளிவாக வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஒரு குழந்தை இருமியது. தாத்தா தாளை மடித்தார்.

"தடை உண்டு. எனக்குத் தெரியும்" என்றார்.

பிறகு மங்களம் பாடினார். மற்றவர்களும் பாடினார்கள். நானும் பாடினேன்.

பாதிரியார் வந்து விசாரித்தார். காவடி எடுத்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யட்டும், தவக்காலம் முடிந்து பாஸ்காவுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அத்தை போய்ச் சொன்னாள். பதிலோடு வந்தாள்.

"அம்மா பிழைச்சதைப் பாவம்னு எந்த வாயால சொல்லட்டும்னு கேக்கிறான்." பிறகு, "உன் தாத்தா வாயைத்தான்டி தைக்கணும். நீ பஸ் ஏறிப் போயிடேன்" என்றாள்.

போயிருக்கலாம். ஓலை இல்லாமல் நான் போனால் தாத்தா அந்தக் கோயிலில் நின்று ஒருவருக்கும் ஜெபம் சொல்ல முடியாது. கோயில் இல்லாவிட்டால் அவர் இல்லை. அவருக்குச் சோறு போடவும் வேறு ஆள் இல்லை. பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். திங்கட்கிழமை கரும்புக்குப் போனேன்.

அவர் டிராங்கெபாரிலேயே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அத்தைதான் சொன்னாள்.

அதன் பிறகு என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. உபதேசியாரே தடை சொன்ன பெண். குழாயடியில் பெண்கள் 'வியே ஃபி' என்பார்கள். கல்யாணமாகாமல் முற்றிப்போனவளுக்கு இங்கே அதுதான் பேர். ஞாயிறுதோறும் மற்றப் பெண்களின் ஓலையைத் தாத்தா வாசிப்பார். நான் பெண்கள் பக்கம் முழங்காலில் இருப்பேன். அவர் தடை கேட்கும்போது குரல் மாறாது. சுற்றிலும் கரும்பு உயர்ந்து கூரையை மறைக்கும். வெட்டுவோம். மறுபடி உயரும்.

அவருக்குக் கண் மங்கியதும் மணி என் கைக்கு வந்தது. மெழுகுவத்தியும் பீடத் துணியும் வந்தன. யாரும் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

தீவு சுதந்திரம் வாங்கிக் கொடி மாறுவதற்கு முந்தின வருடம் அவர் செத்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன்.

"நான் அன்னைக்குப் பேசாம இருந்திருக்கணும்னு நெனைக்கிறியா?" என்றார்.

"தலையை ஆட்டாதீங்க. வெட்டிடும்."

தலையை அசைக்காமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"இன்னைக்குன்னாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"தெரியும்."

"அவன் நல்ல பையன்."

"அதுவும் தெரியும்."

கத்தியைத் தண்ணீரில் அலசினேன். அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மீதியை மழித்தேன்.