இருபது மோட்டார் சைக்கிள்களின் சொந்தக்காரர்

அன்று செகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடியிருந்தவர்கள் நான்கு பேர்: ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி அடிக்கும் என் நைனா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அப்போதுதான் மெட்ரிக் தேறியிருந்த நான். வராதவர் ஒருவர்தான்: மோட்டார் சைக்கிளில் ஒருமுறையாவது ஏறி உட்கார்ந்த ஆள். அப்படி ஒருவர் எங்கள் லைனிலேயே கிடையாது. மாமாவுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

சண்டை முடிந்து, பட்டாளத்து மோட்டார் சைக்கிள்கள் ஏலத்தில் போய்க்கொண்டிருந்த காலம். வாங்கியவர்கள் பாதி தூரம் ஓட்டினார்கள், மீதி தூரம் தள்ளினார்கள். இவர்களுக்கென்று மெட்ராஸில் ரிப்பேர் டப்பா விற்பதை மாமா கண்டுபிடித்திருந்தார். தகர டப்பாவுக்குள் ட்யூப் ஒட்டும் ரப்பர் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் நெம்பும் இரும்புகள், பிளக் கழற்றும் ஸ்பேனர். அங்கே விலை ஐந்து ரூபாய். இங்கே ஒன்பது சொல்லலாமாம்.

"மச்சான், நூறு ரூபா போடு. ஜூனுக்குள்ள நூத்தியெம்பதா கையில வெக்கறேன். பையன் காலேஜும் ஆச்சு, எனக்கும் ஒரு தொழிலாச்சு."

"மாப்ளே, அது அவன் படிப்புத் துட்டு. தெரியுமில்ல?"

"இன்னா மச்சான், எனக்குத் தெரியாதா?"

மாமாவுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருந்ததில்லை. சைக்கிள் கடையொன்றில் இரண்டு மாதம் காற்றடித்தவர் அவர். அந்த நூறு ரூபாய் நைனா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். ஜூனில் அந்த நூறைக் கட்டினால்தான் இண்டர்மீடியட்.

கடைசியில் நைனா பணத்தை எடுத்துக் கொடுத்தார். அவருடைய ரயில்வே பாஸில் நானும், டிக்கெட் வாங்கி மாமாவும் மெட்ராஸ் போய் இருபது டப்பா வாங்கினோம். கறுப்புப் பெயிண்ட் பளபளக்க, சிவப்பு லேபிள் ஒட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தன. திரும்பும்போது காஜிப்பேட்டையில் வண்டி வெகுநேரம் நின்றது. இறங்கிப்போன மாமா, ஒரு கொட்டாங்கச்சி நிறைய எஞ்சின் கிரீஸோடு வந்தார்.

"புதுச் சாமானுக்குத்தான் நிஜாம் சர்க்காரு சுங்கம் கேப்பான். நூத்துக்கு அஞ்சு. பழசுக்கு இல்ல. பூசு, மருமவனே."

"அஞ்சு ரூபாதானே மாமா. கட்டிடலாம்."

"படிச்ச புத்தி! சர்க்காருக்குத் தண்டம் அழவா உங்க நைனா சம்மட்டி தூக்கறாரு?"

ஒவ்வொரு டப்பாவுக்கும் அவரே பூசினார். அதோடு விடவில்லை. சொல்யூஷன் ட்யூப் ஒவ்வொன்றையும் ஆணியால் குத்தி, கொஞ்சம் பிதுக்கி வெளியே எறிந்தார். அப்போதுதான் உபயோகித்த மாதிரி இருக்குமாம். எதிரே இருந்த கிழவர் ஒருவர், பைத்தியம் எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

செகந்திராபாத்தில் சுங்கக்காரர் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்.

"பழைய சாமான் சாப், சொந்த வண்டிக்கு," என்றார் மாமா.

"பீஸ் டப்பா கைக்கு மியா?" இருபது டப்பா எதற்கு என்று கேட்டார் அவர்.

"பீஸ் காடி சாப்!" இருபது வண்டி இருக்கிறதாம் மாமாவிடம்.

சுங்கக்காரர் மாமாவின் செருப்பைப் பார்த்தார். இரண்டும் ஒரு ஜோடி அல்ல. இருபது மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் மூன்றாம் வகுப்பில் வந்திறங்கியிருக்கிறார். வயிறு குலுங்கச் சிரித்து, "ஜாவ் நவாப் சாப்!" என்று ஒரு சலாமும் வைத்தார். அந்தச் சலாமை மாமா திருப்பி வேறு வைத்தார்.

சுல்தான் பஜார் ஓரத்தில் துணி விரித்துக் கடை போட்டோம். ஷெர்வானி போட்ட இளைஞர் ஒருவர் வண்டியை நிறுத்தி, டப்பாவை இரண்டு விரலால் தூக்கி, மோந்து பார்த்து, "நக்கோ. புரானா மால்," பழைய சரக்கு வேண்டாம் என்று கீழே போட்டார். மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்: எல்லாம் புத்தம்புதுசு, பெட்டி பிரிக்காத சரக்கு. ஸ்டேஷனில் பழசென்று சாதித்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை, அதே வாய்தான்.

பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. அத்தனையையும் மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவினார். கிரீஸ் போயிற்று. லேபிளும் பெயிண்டும் கூடவே போயின. ரப்பர் துண்டுகள் பொரித்த அப்பளம்போல் உப்பிச் சுருண்டன.

அதையும் இரண்டு ரூபாய்க்கு வாங்க ஒரு புண்ணியவான் இருந்தார். சாயங்காலம் பஞ்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரே திரும்பி வந்தார். குத்திய ட்யூபுக்குள் சொல்யூஷன் காய்ந்து கல்லாகியிருந்தது. இரண்டு ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளுடா," என்றார். இருபது வண்டிகளின் சொந்தக்காரர் அந்த ஒற்றை வண்டியைப் பஜார் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார். நான் கூடப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஜூன் வந்தது. காலேஜில் பணம் கட்டும் கடைசி நாளன்று நைனா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமா வந்தார், அம்மாவிடம் காப்பி வாங்கிக் குடித்தார்.

"சும்மா சொல்லக்கூடாது மச்சான், சுங்கம் அஞ்சு ரூபா நமக்கு மிச்சம்."

நைனா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "நாளைக்கு எங்கூட வாடா. ஸ்டோர்ஸ்ல ஆள் எடுக்கறாங்களாம்," என்றார் என்னிடம். போனேன். இன்னும் அங்கேதான் போல்ட் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நெம்பு இரும்பும் ஸ்பேனரும் மட்டும் ஒரு சைக்கிள் கடையில் இருபத்தைந்து ரூபாய்க்குப் போயின. போட்ட நூறில் அதைக் கழித்து, மாமாவின் டிக்கெட்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்தால், அந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்க எங்களுக்கு ஆன செலவு தொண்ணூற்றொரு ரூபாய் எட்டணா.